ஜெனிச்சிரோவிடம் மூன்று வாரமாகத் தோற்கிறேன்: செக்கிரோ கடினமா, அநியாயமா?

கேள்வி: கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறேன். வயது 31. டார்க் சோல்ஸ் 3 என்ற வீடியோ கேமை இரண்டு முறை முடித்தவன். இப்போது ஆடும் செக்கிரோவில் மூன்று வாரமாக ஜெனிச்சிரோ ஆஷினா என்ற பெரிய எதிரியைத் தாண்ட முடியவில்லை. நான் பொறுமையாகத்தான் ஆடுகிறேன். ஓரடி அடிப்பேன், உடனே விலகிவிடுவேன், அவர் வீசி முடித்ததும் மறுபடி நெருங்குவேன். சண்டை நீண்டுகொண்டே போகிறது, கடைசியில் நான்தான் சாகிறேன். நிலை உயர்த்திக்கொண்டு வரவும் வழி தெரியவில்லை. இது கடினமான ஆட்டமா, அநியாயமான ஆட்டமா? என் கை வேகம் குறைந்துவிட்டதா?

பதில்:

வயதை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம், தம்பி. எனக்கு 46. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில் வேலை. இரவு ஷிஃப்ட் முடிந்து, பாலம் கடந்து பட்டர்வொர்த் வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, படுக்கப் போகும் முன் ஒரு மணி நேரம் விளையாடுகிறவன் நான். கண்கள் பாதி மூடிக்கிடந்த ஒரு காலையில்தான் ஜெனிச்சிரோ என்னிடம் முதன்முறை விழுந்தார். கை வேகத்தை வைத்துத்தான் உள்ளே விடுவார்கள் என்றால், ஜெனிச்சிரோ நிற்கும் ஆஷினா கோட்டையின் படிக்கட்டைக்கூட நான் பார்த்திருக்க மாட்டேன்.

'ஓரடி அடிப்பேன், உடனே விலகிவிடுவேன்' என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, கோளாறு அங்கேதான். டார்க் சோல்ஸ் உங்களுக்கு ஊட்டி வளர்த்த நல்ல பழக்கம் அது. அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு உருளலுக்கும் தெம்பு செலவாகும். அது தீர்ந்தால் அகப்பட்டுக்கொள்வீர்கள். ஆகவே அடி, விலகு, மூச்சு வாங்கு, திரும்பி வா என்பதுதான் அங்கே புத்திசாலித்தனம். செக்கிரோவையும் அதே ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம்தான் செய்தது. அதே இயக்குநர் மியாசாகிதான் இயக்கினார். 2019 மார்ச் 22இல் வெளிவந்தது. இவ்வளவு ஒற்றுமை இருப்பதால் உள்ளே இருப்பதும் அதே இயந்திரம் என்று நம்பி எல்லாரும் நுழைகிறோம். ஆனால் செக்கிரோவில் தெம்பைக் காட்டும் கோடே திரையில் கிடையாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாள் வீசலாம், ஓடலாம், குதிக்கலாம். அந்தத் தெம்புக் கோட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைத்தார்கள். அதுதான் போஸ்சர்.

போஸ்சர் என்றால் நிற்கும் நிலை. உங்களுக்கும் எதிராளிக்கும் ஆளுக்கு ஓர் உயிர்க்கோடு, ஆளுக்கு ஒரு போஸ்சர் கோடு. எதிராளியின் போஸ்சர் நிரம்பிவிட்டால் அவர் நிலைகுலைவார். சிவப்புப் புள்ளி ஒன்று அவர் மார்பில் மினுக்கும். அப்போது ஒரே குத்து. உயிர்க்கோடு பாதிக்கு மேல் மிச்சம் இருந்தாலும் அந்த உயிர் போய்விடும் (பெரிய எதிரிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உயிர் இருக்கும்). உயிர்க்கோட்டைச் சுரண்டிச் சுரண்டி முடித்தாலும் அதே குத்துக்குத்தான் வந்து சேர்வீர்கள், ஆனால் அது காட்டு வழி. நீங்கள் மூன்று வாரமாக நடந்துகொண்டிருப்பது அந்தக் காட்டு வழியில்.

எதிராளியின் போஸ்சர் கோட்டை ஓட்டைக் குடமாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அடித்தால், அவர் அதைத் தடுத்தாலும்கூட, குடத்தில் கொஞ்சம் தண்ணீர் விழுகிறது. அவர் வீசும் வாளை நீங்கள் சரியான கணத்தில் தட்டிவிட்டால் அப்போதும் விழுகிறது. ஊற்றுவதை நிறுத்தினால் ஓட்டை வழியாக இறங்கத் தொடங்கும். நீங்கள் விலகிப்போய் மூச்சு வாங்குகிறீர்களே, அந்த நான்கு வினாடியில் நீங்கள் ஊற்றியதெல்லாம் தரையில். திரும்பி வந்து முதலிலிருந்து ஊற்றுகிறீர்கள். சண்டை முடியாமல் நீள்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. குடத்தின் ஓட்டை எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. எதிராளியின் உயிர் நிறைந்திருக்கும்போது ஓட்டை பெரிது. உயிர் குறையக் குறைய ஓட்டை சுருங்கிக்கொண்டே வரும். ஆகவே உயிரில் விழும் அடியும் வீண் இல்லை, அது ஓட்டையை அடைக்கும் வேலை. சண்டையின் தொடக்கத்தில் கிடைத்த இடைவெளியில் இரண்டு மூன்று வெட்டு நேராக உடம்பில் இறங்கட்டும். அதன்பிறகு நெருங்கி நின்று தட்டிக்கொண்டே இருங்கள். முதல் நிமிடத்தில் நிரம்ப மறுத்த அதே கோடு இரண்டாவது நிமிடத்தில் அடங்கி நிற்பதைப் பார்ப்பீர்கள். இந்த ஒரு விதி விளங்காமல்தான் நான் பட்டாம்பூச்சிச் சீமாட்டி என்ற இன்னொரு பெரிய எதிரியிடம் ஒரு வாரத்தைத் தொலைத்தேன்.

உங்கள் பக்கத்துக் கோட்டுக்கு விதி சற்று வேறு. தடுப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே நின்றால் உங்கள் போஸ்சர் வேகமாக மீளும். அது நிரம்பித் தளும்பும் நிலையில் இருந்தாலும், வரும் வாளைச் சரியாகத் தட்டினால் நிலைகுலைய மாட்டீர்கள். வெறுமனே தடுத்தால் குலைந்துவிடுவீர்கள். கோடு சிவந்ததும் பதறிப் பின்னால் ஓடத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஓடுகிறவனை ஜெனிச்சிரோ விடவும் மாட்டார். தூரத்தில் நின்று மருந்துக் குடுவையைத் தூக்கினால் அம்பு வந்து விழும். உங்களுக்கும் விழுந்திருக்கும்.

இப்போது தட்டிவிடுவது. தடுப்புக்கும் இதற்கும் ஒரே பொத்தான்தான். வாள் உங்களைத் தொடும் கணத்தை ஒட்டி அழுத்தினால் தட்டிவிடுவது. முன்பே அழுத்திப் பிடித்திருந்தால் வெறும் தடுப்பு. நிறையப் பேர் இங்கே ஒரு தந்திரம் செய்கிறார்கள்: பொத்தானைப் படபடவென்று தட்டிக்கொண்டே இருந்தால் ஏதாவது ஒன்று பொருந்தாதா என்று. ஆட்டத்தைச் செய்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்கிறார்கள். அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் சரியான கணம் என்று ஆட்டம் ஏற்றுக்கொள்ளும் இடைவெளியே சுருங்கிவிடும். நிதானமாக அழுத்துகிறவனுக்கு வாசல் அகலம், பதறுகிறவனுக்குக் குறுகல்.

என் தம்பி பட்டர்வொர்த்தில் ஓர் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறான். வீடியோ கேம் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தவன், நான் செத்துக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்கள் கண்ணால் பார்த்து அழுத்துகிறீர்கள், அதுதான் பிந்துகிறது" என்றான். கட்டுப்பாட்டுக் கருவியை வாங்கிக்கொண்டு, வாயால் தாளம் சொல்லிக்கொண்டே ஆடினான். ஜெனிச்சிரோவின் நீண்ட தொடர்வீச்சு ஒரே வேகத்தில் வருவதில்லை. சில அடிகள் ஒட்டி வரும், பிறகு ஓர் இழுவை, மறுபடி ஒட்டி வரும். வேகமாக வருகிற அடியில் யாரும் சாவதில்லை, அந்த இழுவையில்தான் சாகிறோம். அவசரப்பட்டு அங்கே முன்கூட்டியே அழுத்திவிடுகிறோம். தம்பிக்கு அது ஒரு நடை, அவ்வளவுதான். இரண்டே இரவில் முதல் இரண்டு உயிரையும் எடுத்துவிட்டான். பிறகு "கை வலிக்கிறது" என்று வைத்துவிட்டுப் போனவன் இன்றுவரை அந்த ஆட்டத்தைத் தொடவில்லை. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

அவன் சொன்னது சரியென்று ஆட்டமே ஒப்புக்கொள்கிறது. சரியாகத் தட்டினால் எழும் ஓசை கூர்மையானது, மணி அடித்தது போலக் கணீரென்று இருக்கும். வெறும் தடுப்பின் ஓசை மொண்ணை. பொறியும் வேறு மாதிரி பறக்கும். இது உங்கள் வாளுக்கு மட்டும் இல்லை. நீங்கள் அடிக்கும்போது எதிராளி முதல் ஓரிரு அடியை வெறுமனே தடுப்பார், பிறகு ஒன்றைக் கணீரென்று தட்டிவிடுவார். அந்த ஓசைக்குப் பொருள்: உன் முறை முடிந்தது, இனி என் முறை. அப்போதும் வெட்டிக்கொண்டே இருந்தால் அடி வாங்குவீர்கள். அந்த ஓசை கேட்டதும் விரலை வெட்டும் பொத்தானிலிருந்து தட்டும் பொத்தானுக்கு மாற்றுங்கள். சிலம்பத்தில் இரண்டு பேர் கம்பு சுற்றி மோதும்போது தூரம் போகாமல், கம்பும் கம்பும் பேசிக்கொண்டே இருக்குமே, அதுதான் இங்கே நடப்பது. முறை மாறுகிறதே தவிர, யாரும் களத்தைவிட்டு விலகுவதில்லை.

சிவப்பு எழுத்து வரும் அடிகளைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் நீங்கள் சாகும் இடங்களில் பாதி அங்கேதான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். தலைக்கு மேல் பெரிதாகத் தோன்றும் அந்த எழுத்தை நம் ஊரில் தினமும் பார்க்கிறோம். மின்சாரத் துணைநிலையக் கதவில் 'பஹாயா' என்றும் 'அபாயம்' என்றும் எழுதி, கூடவே இரண்டு சீன எழுத்துகள் இருக்கும் அல்லவா? அதில் முதல் எழுத்து. வெறும் தடுப்பு இந்த அடிகளிடம் செல்லாது. ஆனால் எழுத்து மூன்று வகை அடிக்கும் ஒன்றுதான், எந்த வகை என்று அது சொல்லாது. எழுத்தைப் பார்த்துப் பயப்படுவதை விட்டு, அவர் உடம்பைப் பாருங்கள்.

வாள் முனை உங்களை நோக்கி நீண்டால் அது குத்து. கால் மட்டத்தில் சுழன்றால் பெருக்கு வீச்சு. கையை விரித்துக்கொண்டு வந்தால் பிடி. பிடிக்கு விலக வேண்டும். பெருக்கு வீச்சுக்குக் குதிக்க வேண்டும், குதித்த கையோடு அவர் தலையை மிதித்தால் குடத்தில் நல்ல அளவு தண்ணீர். குத்துக்குத்தான் சரியான மருந்து இருக்கிறது: மிகிரி என்ற எதிரடி. திறன் பட்டியலில் ஷினோபிக் கலைகளின் கீழ் இருக்கும். இன்னும் வாங்கவில்லை என்றால் வேறெதையும் வாங்காமல் அதை வாங்குங்கள். குத்து வரும்போது பக்கவாட்டில் சாயாமல், பின்வாங்காமல், நேராக அந்த முனையை நோக்கியே பாய வேண்டும். உங்கள் ஓநாய், அதாவது நீங்கள் ஆட்டுவிக்கும் வீரன், அந்த வாளைக் காலால் மிதித்துத் தரையில் அழுத்திவிடுவான். போஸ்சர் ஒரேயடியாக எகிறும். 31 வருடம் கூரான பொருளிலிருந்து விலகியே பழகிய உடம்பு இதற்கு எளிதில் சம்மதிக்காது. பாழடைந்த கோயிலில் சாகாத ஹன்பே என்று ஒருவர் நிற்கிறார். திறனை வாங்கியதும் அவரிடம் போய் இதையே பயிற்சி எடுக்கலாம். பாவம், எத்தனை முறை குத்தினாலும் எழுந்து வருவார்.

ஜெனிச்சிரோ மேலே எழும்பி வாளோடு கீழே இறங்குவார். அதைத் தட்டியவுடன் சிவப்பு எழுத்து வரும். அது குத்தாகவும் இருக்கலாம், பெருக்கு வீச்சாகவும் இருக்கலாம். இந்த ஒரு கிளையைப் பிரித்தறியப் பழகினால் முதல் இரண்டு உயிரும் உங்கள் கையில். அதன்பிறகு அவர் மேலாடை இல்லாமல், மின்னலோடு எழுவார். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், அதுதான் எளிய கட்டம். மின்னல் வரும்போது தரையில் நிற்காதீர்கள். குதியுங்கள், காற்றில் இருக்கும்போதே அது உங்கள்மேல் படட்டும், கால் தரையைத் தொடுவதற்குள் வெட்டும் பொத்தானை அழுத்துங்கள். அவர் அனுப்பியது அவருக்கே திரும்பும்.

உங்களிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: எந்தத் திரையில் ஆடுகிறீர்கள்? சோதனைப் பிரிவில் இருப்பவனின் தொழில் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் வரவேற்பறைத் தொலைக்காட்சியில்தான் ஆடினேன். படத்தை மெருகேற்றுகிறேன் என்று அது செய்கிற வேலையில் ஒவ்வொரு காட்சியும் தாமதமாகத்தான் திரைக்கு வரும். வினாடிக்கு 60 காட்சி என்றால் ஒரு காட்சி சுமார் 17 மில்லி வினாடி. தாமதம் 100 மில்லி வினாடி என்றால் ஆறு காட்சி பிந்திப் பார்க்கிறீர்கள் என்று பொருள். வாள் உங்களைத் தொட்ட பிறகு அது வருவதைப் பார்க்கிறீர்கள். அமைப்பில் 'கேம் மோட்' என்று இருக்கும், அதை இயக்கிவிட்டேன். அன்றைக்கே எனக்கு வயது குறைந்துவிட்டது.

நிலை உயர்த்தும் விஷயம். டார்க் சோல்ஸில் ஆன்மாக்களைச் சேர்த்து உடம்பை ஏற்றிக்கொண்டு வரலாம், கூட்டாளியை அழைக்கலாம். இங்கே இரண்டும் கிடையாது. வாளின் பலம் கூட வேண்டும் என்றால் பெரிய எதிரிகளை வென்று அவர்களின் நினைவுகளைப் பெற வேண்டும். உயிரும் போஸ்சரும் கூட வேண்டும் என்றால் ஜெபமணிகள், நான்கு சேர்ந்தால் ஒரு மாலை. அந்த மணிகளையும் பெரும்பாலும் சிறு தலைவர்களைக் கொன்றுதான் பெற வேண்டும். அவர்களில் சிலரைப் பின்னாலிருந்து பதுங்கிப் போய்க் குத்தினால் இரண்டில் ஓர் உயிர் சண்டை தொடங்கும் முன்பே போய்விடும், வெட்கப்படாமல் செய்யுங்கள். ஹிராதா மாளிகையில் பட்டாம்பூச்சிச் சீமாட்டியை முடித்துவிட்டீர்களா? இல்லையென்றால் அங்கே ஒரு நினைவு காத்திருக்கிறது. கைவிடப்பட்ட நிலவறை வழியாக சென்போ மலைக்கும் இப்போதே போகலாம். செத்தால் காசில் பாதியும், அடுத்த திறன் புள்ளிக்குச் சேர்த்துவைத்த அனுபவத்தில் பாதியும் போகும். ஆகவே கோட்டை உச்சிக்கு ஏறும் முன் காசைப் பைகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், பைக்குள் போனது போகாது.

இனி அநியாயமா என்ற கேள்வி. ஜெனிச்சிரோ அநியாயம் இல்லை. இதுவரை ஆட்டம் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்கும் தேர்வு அவர். தொடக்கத்தில் உங்கள் இடது கையை வெட்டியதும் அவர்தான். அந்தச் சண்டையில் நீங்கள் வென்றாலும் கை போகத்தான் செய்யும். ஆனால் ஆட்டத்தில் அநியாயமே இல்லை என்று சாதிக்கும் கூட்டத்தில் நான் சேர மாட்டேன். சுவரோரம் தள்ளப்பட்டால் கேமரா எங்கேயாவது பார்த்துக்கொண்டு நிற்கும், சாவது நீங்கள். சங்கிலியில் கட்டிய அந்தப் பூதத்தின் பிடி, விலகிய பிறகும் உங்களைக் காந்தம் போல இழுக்கும். தலையில்லா ஆவிகள் ஒரு தனித் தொல்லை, அதற்கென்று விலையுள்ள பொருளைச் செலவழிக்க வேண்டும். பின்னால் வரும் வெறுப்பின் அரக்கன் என்ற பெரிய எதிரி ஒன்றை டார்க் சோல்ஸிலிருந்து வழி தவறி வந்தது என்றே சொல்வேன். இவ்வளவு தூரம் 'விலகாதே' என்று கற்றுக்கொடுத்துவிட்டு அங்கே ஓடவிடுகிறார்கள்.

எளிய முறை ஒன்று வைக்காததும் எனக்கு உடன்பாடில்லை. வெளிவந்த 2019இலேயே இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. எதிராளியின் பலத்தைக் குறைத்தால் ஆட்டம் கெடும் என்பதை ஏற்கிறேன். நான்கு வெட்டில் ஜெனிச்சிரோ விழுந்தால் தட்டிவிடக் கற்றுக்கொள்ள யாருக்கும் தேவை வராது. ஆனால் ஆட்டத்தின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும் வசதி இருந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? தாளம் அதேதான், காலம் மட்டும் கொஞ்சம் இழுபடும். விளம்பத்தில் கற்காதவன் துரிதத்தில் எப்படி வாசிப்பான்? கையில் நோய் உள்ளவர்களும் உள்ளே வந்திருப்பார்கள். 2020 அக்டோபரில் வந்த புதுப்பிப்பில், வென்ற பெரிய எதிரிகளோடு மறுபடி மோதும் வசதியைச் சேர்த்தார்கள். வென்றவனுக்குத்தான் அதுவும்.

இன்றிரவு வெல்ல முயலாதீர்கள். முதல் ஐந்து சண்டையில் வெட்டும் பொத்தானைத் தொடவே வேண்டாம். அவருக்கு முன்னால், வாள் எட்டும் தூரத்தில் நின்று, தட்டிக்கொண்டு மட்டும் இருங்கள். சாவீர்கள், பரவாயில்லை. காது அந்த இழுவையைப் பிடிக்கும்வரை அது தேவை. ஆறாவது சண்டையில் கணீர் ஓசை இரண்டு கேட்ட பிறகு ஒரு வெட்டு சேர்த்துப் பாருங்கள். பட்டாசுக் கருவி இருந்தால் குடுவை குடிக்க அவகாசம் வேண்டும்போது வெடியுங்கள். இல்லையென்றால் 500 சென் (ஆட்டத்தின் காசு) கொடுத்து நினைவுப்பொருள் வியாபாரியிடம் வாங்கலாம்.

ஜெனிச்சிரோ விழுந்த செய்தியை எழுதுங்கள். அதற்குப் பிறகு ஒரு பெரிய குரங்கைச் சந்திப்பீர்கள். அதன் தலையை வெட்டியதும் எழுந்து நின்று கைதட்டாதீர்கள், கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைக்கவும் வைக்காதீர்கள்.